மூடுபனியில் ஒளிந்துகொள்ளும் எல்ஃபுக்கு என்ன கவசம்?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டம் ஆடுகிறோம். 2014 விதிநூல், முதல் லெவல். கதை நடக்கும் நாடு அப்படியே நீலகிரிதான்: சோலைக்காடு, புல்வெளி, மூடுபனி, தேயிலை வருவதற்கு முந்தைய காலம். என் பாத்திரத்தின் இனம் வுட் எல்ஃப் (காட்டு எல்ஃப்), கிளாஸ், அதாவது தொழில், ட்ரூயிட் (இயற்கை மந்திரம் போடுபவர்). செயின் ஷர்ட் (இரும்பு வளையச் சட்டை) வாங்கலாம் என்றால், "ட்ரூயிட் இரும்புக் கவசம் போடாது, கதைக்கும் ஒட்டாது" என்கிறார் ஆட்டம் நடத்தும் அண்ணன். நான் வரைந்து வைத்திருக்கும் படத்திலோ முழு பிளேட் (இரும்புத் தகட்டு) கவசம். இனம், கிளாஸ், கவசம் மூன்றில் எதை மாற்றுவது?

பதில்: இனமும் கிளாஸும் அப்படியே இருக்கட்டும். கவசத்தை மட்டும் மாற்றுங்கள். அண்ணன் சொல்கிறார் என்பதற்காக அல்ல. கணக்கே அப்படித்தான் வருகிறது.

பாத்திரத்தின் ஆறு குணங்களுக்குப் பிரித்துப் போடும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்களில் 15ஐ விஸ்டத்துக்கும் (விவேகம்) 14ஐ டெக்ஸுக்கும் (சுறுசுறுப்பு) போட்டிருப்பீர்கள். வுட் எல்ஃப் டெக்ஸுக்கு 2, விஸ்டத்துக்கு 1 கூட்டித் தருவதால் இரண்டுமே 16, அதாவது கணக்கில் +3 கூடும். இப்போது கவசங்களைப் பாருங்கள். லெதருக்கு (தோல் கவசம்) ஏசி, அதாவது அடி படாமல் காக்கும் எண், 11+3=14. ஸ்டடட் லெதருக்கு (குமிழ் பதித்த தோல்) 12+3=15. செயின் ஷர்ட் 13இல் தொடங்கினாலும் அது மீடியம் கவசம். டெக்ஸில் 2க்கு மேல் சேராது, ஆக அதுவும் 15தான். ஸ்டடட் லெதர் 45 பொன், 13 பவுண்டு. செயின் ஷர்ட் 50 பொன், 20 பவுண்டு. ஐந்து பொன் கூடக் கொடுத்து, மூன்று கிலோ கூடச் சுமந்து, கிடைப்பது அதே 15. இதற்காக அண்ணனோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

பிளேட் இன்னும் மோசம். ட்ரூயிடுக்கு ஹெவி கவசப் பயிற்சி கிடையாது. பயிற்சி இல்லாத கவசத்தைப் போட்டால் ஸ்ட்ரெங்த் (உடல்வலு), டெக்ஸ் சார்ந்த எல்லா உருட்டலிலும் டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுப்பது), மந்திரமும் போட முடியாது. மந்திரம் போடாத ட்ரூயிட் வெறும் ஊன்றுகோல்காரர். பிளேட்டுக்கு ஸ்ட்ரெங்த் 15 வேண்டும்; உங்கள் 8 அங்கேதான் போயிருக்கும் என்றால் வேகம் 35 அடியிலிருந்து 25க்கு இறங்கும். விலை 1,500 பொன் என்பதை நான் சொல்லவே வேண்டாம்.

இரும்புத் தடை பற்றி ஒரு விளக்கம், பல மேசைகளில் சண்டை வரும் இடம் இது. 2014 நூல் ட்ரூயிடுகள் உலோகக் கவசமோ கேடயமோ அணிய மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அது நோன்பு மாதிரி, விதிக்கணக்கு அல்ல. ஆயுதத்துக்குத் தடையே இல்லை: தொடக்கப் பொருள்களிலேயே ஸிமிட்டர் வாளை எடுத்துக்கொள்ளலாம். அதை வீச்சரிவாளாக வரைந்துகொள்ளுங்கள், வெட்டுக்கு உருட்டும் 1டி6 (ஒரு ஆறுமுகப் பகடை) மாறாது. யாராவது 2024 நூலைத் திறந்து "தடையே இல்லையே" என்றால் அதுவும் உண்மைதான். அதில் உலோகத் தடை போய்விட்டது, கூடவே ட்ரூயிடின் மீடியம் கவசமும் வார்டன் என்ற தெரிவை எடுத்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. உங்கள் எல்ஃப் மூடுபனியில் ஒளியும் திறனும் (கீழே வருகிறது) அந்த நூலில் இல்லை. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள், பாதிப் பாதி வேண்டாம்.

இனி கதை. ஒரு கவசம் உலகத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இதை யார் செய்தார்கள், எதை வைத்து? செயின் ஷர்ட் என்றால் கம்பி இழுத்து, பல ஆயிரம் வளையம் வெட்டி, கோத்து, ஆணி அடிக்கும் பட்டறை வேண்டும். கோடரியும் அரிவாளும் அடிக்கும் மலைக்கொல்லர் கைவேலை வேறு, இது வேறு. பிறகு துரு. உங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணெய் போடாத வளையம் எத்தனை நாள் தாங்கும்? ஸ்டடட் லெதருக்கான பொருள்களோ மலையைச் சுற்றியே கிடைக்கின்றன. எருமைத் தோல் புல்வெளியிலிருந்து. பதனிடக் கடுக்காய் கீழ்ச்சரிவிலிருந்து. நீர் ஊறாமல் பூச, பாறையில் கட்டும் பெருந்தேனீயின் மெழுகு. உலோகக் குமிழ்களுக்குப் பதிலாகக் கடமான் கொம்பில் செதுக்கிய குமிழ்கள் என்று அண்ணனிடம் கேளுங்கள். எண் மாறாது என்பதால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். கடமான் தானாகவே கொம்பு உதிர்க்கும், கொல்ல வேண்டியதில்லை. ட்ரூயிடுக்கு இதைவிடப் பொருத்தமான கவசம் எது? தொடக்கத்தில் கையில் இருப்பது வெறும் லெதர்தான். முதல் 45 பொன் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். மரக்கேடயத்தையும் தொடக்கப் பொருளாக எடுத்தால் இப்போது ஏசி 16, பிறகு 17.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நாடு நீலகிரி என்பதற்காக அங்குள்ள பழங்குடிகளில் கோத்தரை ட்வார்ஃப் (இந்த ஆட்டத்தில் கொல்லுவேலைக்குப் பேர்போன குள்ளர் இனம்) ஆக்குவது, குறும்பரை மந்திரவாதி இனம் ஆக்குவது வேண்டாம். முதல் யோசனை சோம்பேறித்தனம். இரண்டாவது அதைவிடக் கெட்டது: பில்லிசூனியம் வைப்பவர்கள் என்ற பழியால் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் உங்கள் பக்கத்து பெஞ்சில் இருக்கலாம். ஒரு சமூகம் இரும்பும் மண்பாண்டமும் செய்ய, இன்னொன்று எருமை மேய்க்க, மற்றொன்று தேன் எடுக்க, எல்லாரும் பண்டம் மாற்றிக்கொண்ட அந்த ஏற்பாட்டை மட்டும் கடன் வாங்குங்கள். பெயரும் முகமும் கற்பனையாக இருக்கட்டும்.

வுட் எல்ஃப் உங்கள் நாட்டுக்கு ஏன் பொருத்தம் என்றால், அதன் மாஸ்க் ஆஃப் தி வைல்ட் என்ற இனத் திறன். இலை மறைவு, கனமழை, மூடுபனி போன்றவை லேசாக மறைத்தாலே ஒளிய முயலலாம். மற்ற இனங்களுக்கு முழு மறைவு வேண்டும். முயலலாம் என்பதுதான் சொல். பனி இறங்கியதும் தானாக மறைந்துவிட மாட்டீர்கள். ஹைட் ஆக்‌ஷன் எடுத்து ஸ்டெல்த், அதாவது பதுங்கும் திறன், உருட்ட வேண்டும். எதிரி உருட்டாமலே கவனிக்கும் எண்ணான பாசிவ் பெர்செப்ஷன் மட்டும் 5 குறையும். சிக்கல் என்னவென்றால், ட்ரூயிடின் திறன் பட்டியலில் ஸ்டெல்த் கிடையாது. எல்ஃப் தருவது பெர்செப்ஷன். எனவே பாத்திரத்தின் முன்கதையான பின்னணியில்தான் வாங்க வேண்டும். அவுட்லேண்டர் (ஊருக்கு வெளியே வளர்ந்தவர்) என்ற பின்னணியை எடுத்திருந்தால் அதன் அத்லெட்டிக்ஸைக் கொடுத்து ஸ்டெல்த் வாங்குங்கள். பின்னணியின் இரண்டு திறன்களை மாற்றிக்கொள்ள 2014 நூலே இடம் தருகிறது. ஸ்கேல் மெயில், ஹாஃப் பிளேட், ஏன், வெறும் பஞ்சு வைத்த பேடட் கவசம்கூட ஸ்டெல்த்துக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கும். லெதரும் ஸ்டடட் லெதரும் கொடுக்காது.

கைக்கணக்கை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். ஒரு கையில் கேடயம், மறு கையில் மந்திரக்கோலாகவும் பயன்படும் தடி. ஷில்லேலா, தார்ன் விப் என்ற மந்திரங்கள் இரண்டையும் போடக் கையில் ஒரு பொருள் தேவை, அதனால் தடி பிடித்த கையே சைகையும் காட்டும். ப்ரொட்யூஸ் ஃபிளேம், க்யூர் வூண்ட்ஸ் இரண்டுக்கும் பொருள் கிடையாது, சொல்லும் சைகையும் மட்டும். அந்தச் சைகைக்கு வெறுங்கை வேண்டும். தோழன் செத்துக்கொண்டிருக்கும்போது தடியைக் கீழே போட்டுவிட்டுக் குணப்படுத்துங்கள், அடுத்த முறையில் எடுத்துக்கொள்ளலாம். கேடயத்தைக் கழற்றப் போனால் ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். தடி வேண்டாம் என்றால் புல்லுருவிக் கிளையும் மந்திரப் பொருளாகும். சோலை மரங்களில் அதற்குப் பஞ்சமில்லை.

இரண்டாம் லெவலில் சர்க்கிள் ஆஃப் தி லேண்ட் என்ற ட்ரூயிட் பிரிவை எடுத்தால் காடா, புல்வெளியா என்று கேட்பார்கள். எல்ஃப் என்பதால் கை தானாகக் காட்டுக்குப் போகும். நிறுத்துங்கள். மூன்றாம் லெவலில் காடு தருவது பார்க்ஸ்கின், ஸ்பைடர் கிளைம்ப் என்ற மந்திரங்கள். பார்க்ஸ்கின் ஏசியை 16க்குக் கீழே போகாமல் காக்கும். உங்களுக்கு ஏற்கெனவே 17. புல்வெளி தருவது தடம் தெரியாமல் பதுங்க உதவும் பாஸ் விதௌட் ட்ரேஸ், கூடவே ட்ரூயிட் பட்டியலிலேயே இல்லாத இன்விஸிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியாமல் மறைவது). சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் மலையில் புல்வெளி ட்ரூயிட் என்பதில் கதைக்கும் குறை ஒன்றுமில்லை. வயதைக்கூட அங்கிருந்தே எடுக்கலாம்: எல்ஃப் பெரியவராக எண்ணப்படுவது ஏறக்குறைய 100 வயதில், குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் ஆள் ஒன்பது குறிஞ்சி கண்டவர் என்று எழுதுங்கள்.

படத்தைத் திருத்தும்போது தோலுக்குப் பழுப்பு வேண்டாம், மெழுகு ஊறிய கருமை கொடுங்கள். கேடயத்துக்கு நாவல் மரம், விளிம்பில் பிரம்பு. படத்தின் பின்புறத்தில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை தேயிலையைப் போலவே வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை.