மாத்திரை வாங்க அண்ணன் போதுமா?

கேள்வி: கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. நான் விசைப்படகில் போகிறேன். தங்கைக்கு 33 வயது, 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. இப்போது சத்தம் கிடையாது, யாரையும் அடிப்பதில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இதே நோயோடு பகல்நேர மறுவாழ்வு மையத்துக்கு வாரம் நாலு நாள் போய், பனை ஓலைப் பெட்டி முடைகிறான், ஆளே தெளிந்துவிட்டான். தங்கையைச் சேர்க்கக் கேட்டோம். ‘பெண்களுக்கு வசதி இல்லை, எப்போதும் துணைக்கு ஆள் வேண்டும், மாற்றுத்திறனாளி சான்று வேண்டும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயமா? எங்கே புகார் செய்வது? மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாசா மாசம் பெரியாஸ்பத்திரிக்கு நானே போய் மாத்திரை வாங்கிவந்துவிடுகிறேன், இரண்டு வருஷமாக அவளை அலைய விட்டதே இல்லை. ரிஸ்பெரிடோனும் ட்ரைஹெக்சிபெனிடிலும் தருகிறார்கள்.
— வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: தம்பி, புகார் எங்கே கொடுப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் பேச வேண்டும்.

இரண்டு வருஷமாக எந்த மருத்துவரும் உங்கள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் உங்கள் முகத்தை. ‘எப்படி இருக்கா?’ என்று கேட்டிருப்பார்கள், ‘நல்லா இருக்கா சார்’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரையை எழுதியிருப்பார்கள். வெளியே வரிசை நிற்கிறது, அவர்களும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். பெண்களில் பலருக்கு அதனால் மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு மாதக்கணக்கில் நின்றேபோகும், பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும். உங்கள் தங்கைக்கு இது இருக்கிறதா? உங்களுக்குத் தெரியாது. அண்ணனிடம் எந்தத் தங்கை சொல்வாள்? ஆஸ்பத்திரிக்கு அவளுக்குப் பதில் நீங்களே போய்க்கொண்டிருக்கும்வரை மருத்துவருக்கும் தெரியப்போவதில்லை. அவளே போய் உட்கார்ந்து பெண் செவிலியர் ஒருவரிடம் மெதுவாகச் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ட்ரைஹெக்சிபெனிடில் கை நடுக்கத்துக்காகத் தருவது. நடுக்கம் போன பிறகும் வருஷக்கணக்கில் விழுங்கினால் வாய் வறட்சி, மலச்சிக்கல், ஞாபக மந்தம் எல்லாம் வரும், வியர்வையும் குறையும். நம் கடற்கரை வெயிலில் வியர்க்காத உடம்பு என்ன பாடு படும் என்று படகில் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘வீட்டோடு சும்மா இருக்கிறாள்’ என்று நீங்கள் நினைப்பதில் நோய் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவளை நேரில் பார்த்தால்தான் முடியும்.

அலைய விடவில்லை என்கிறீர்கள். பக்கத்துத் தெருப் பையனை அவன் வீட்டார் அலைய விட்டார்கள், அதனால்தான் அவன் தெளிந்தான். மையத்தின் வாசலில் பாகுபாடு நடந்தது நிஜம். அது உங்கள் வீட்டு நடையைத் தாண்டித்தான் அங்கே போயிருக்கிறது. நோயாளி தம்பியாக இருந்திருந்தால் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்க மாட்டீர்களா? சீர் செய்ய மட்டும் அண்ணன் என்ற கணக்கு எனக்கு ஒப்புதல் இல்லை. குடும்பத்தார் கூட வராமல் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் போனார்கள். உங்கள் வீட்டில் சங்கிலி இல்லை, தெரியும். அவளை யாரும் பார்க்காத இரண்டு வருஷம் இருக்கிறதே!

இனி வேலையைப் பார்ப்போம். முதல் காரியம், அவளிடம் கேளுங்கள்: ‘அங்கே போறியாம்மா?’ கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அவள் என்ன சொன்னாள் என்பதே இல்லை.

வருகிறேன் என்றால், அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் மனைவியோ அம்மாவோ கட்டாயம் கூட வரட்டும். அதற்கு முன் நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினாள், எழுந்தாள், தானாகக் குளித்தாளா, எத்தனை தரம் சொல்ல வேண்டியிருந்தது, மாதவிலக்குத் தேதி. அந்தக் கடைசிக் கணக்கு பெண்கள் கையில் இருக்கட்டும். காலையில் காபிகூடக் கொடுக்காமல் வெறும் வயிற்றோடு அழைத்துப் போனால் சர்க்கரைப் பரிசோதனையும் அன்றே எடுத்துவிடலாம். இட்லியைக் கட்டி எடுத்துப் போங்கள். எடை, ரத்த அழுத்தம், நடுக்கம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். காலையில் எழவே முடியவில்லை என்றால் மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். பகல்நேர மையத்துக்குப் போகிறவர்கள் பாதியில் நிற்பதற்கு இந்தத் தூக்கம் ஒரு பெரிய காரணம். கடைசியாக, ‘பகல்நேர மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கிறேன்’ என்று சீட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்த வரி இல்லாததால்தான் மையத்தில் உங்களை இவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்ப முடிந்தது.

சான்று தனிக் கதை. சிகிச்சை பெற அது நிபந்தனை ஆகாது. உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் வேண்டும், ஆகவே யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எப்படியும் விண்ணப்பியுங்கள். 2016 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் உண்டு. ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், நோய் எத்தனை வருஷம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20-இல் 7 வந்தால், சலுகைகளுக்குக் கேட்கிற 40 சதவீதம் ஆகிவிடும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் குடும்ப கௌரவம் முன்னால் வந்து நிற்கும். ‘குளிக்கிறாளா?’ என்றால் ‘ஆமா சார், எல்லாம் செய்வா’ என்பார்கள். வெளியே வந்து சதவீதம் போதவில்லை என்று அழுவார்கள். மூன்று தரம் அதட்டினால்தான் குளிக்கிறாள் என்றால் அப்படியே சொல்லுங்கள். நோட்டைக் காட்டுங்கள்.

துணை விஷயத்தில் மையத்தைப் பாதிதான் குறை சொல்வேன். முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டு ஆள் கூட இருக்கச் சொல்வது சரி. என்றைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சேர்க்காமல் இருக்க ஒரு சாக்கு. வாரம் இரண்டு நாள், அரை நாள் என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, மனைவி கூடப் போனாலும் செலவில்லை. முதல் வாரம் பக்கத்திலேயே உட்காரட்டும். அடுத்த வாரம் இரண்டு சீட் பின்னால். அதற்கடுத்து, இங்கே ஏற்றிவிடுவதும் அங்கே மையத்து ஆள் இறக்கிக்கொள்வதும். மாலைப் பேருந்து தவறினால் எங்கே நிற்பது, யாருக்கு போன் செய்வது என்று ஒரு தாளில் எழுதி அவள் பையில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நீங்கள் கரையில்தான் இருப்பீர்கள். வெயில் காலம்தான், ஆனாலும் உங்கள் வீட்டில் ஆள் கிடைப்பது அப்போதுதான். தண்ணீர் பாட்டிலும் குடையும் கொடுத்து ஆரம்பித்துவிடுங்கள். முதல் மாதத்திலேயே என்ன சம்பாதித்தாள் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள்.

வியாழக்கிழமை இரவு தர்காவில் போய் உட்காரவேண்டும் என்று அம்மா பிரியப்பட்டால் போகட்டும். துவாவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். மருந்தை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் புகார். ‘பெண்களுக்கு வசதி இல்லை’ என்பது ஒரு பதிலே இல்லை. 2017 ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 18: அரசு நடத்துகிற, அரசு நிதி பெறுகிற மனநல சேவைகளில் பால், சாதி, மதம், வர்க்கம் எதையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது. ஆகவே முதலில் அந்த மையத்துக்கு அரசுப் பணம் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு இல்லாதது உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையும் ஒரு பெண் பணியாளருமாக இருக்கும். அதைச் செய்யுங்கள் என்று கேட்க வேண்டும், அதற்குள் வாரத்தில் இரண்டு நாளைப் பெண்களுக்கென்று ஒதுக்கலாமே என்றும் கேட்கலாம். உங்கள் தங்கை மாதிரி கீழக்கரைப் பக்கம் இன்னும் நாலு வீட்டில் பெண்கள் இருப்பார்கள். அந்த வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், ஒற்றை ஆளை விரட்டுகிற மாதிரி அஞ்சு குடும்பத்தை விரட்ட முடியாது.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பாதி இடங்களில் இதற்கே கதவு திறந்துவிடும். திறக்காவிட்டால் அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி முதலில் மையப் பொறுப்பாளரிடம் புகார், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம். கூடவே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவின் நகலைக் கொடுங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருவார்கள். போன் 15100.

மனு உங்கள் பெயரில் வேண்டாம். அவள் 33 வயதுப் பெண், அவள் பெயரிலேயே இருக்கட்டும், கையெழுத்தோ கைரேகையோ அவளே வைக்கட்டும். உங்களைத் தன் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணைநின்று பேசுகிறவராக, வைக்க அவள் விரும்பினால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும், 14-ஆம் பிரிவு அதற்கு வழிசெய்கிறது. வேறு யாரையாவது, உங்கள் மனைவியை, அவள் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். மனு கொடுத்த இடத்தில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கி, மாத்திரைச் சீட்டு வைக்கிற அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.