இதய நோயாளியின் எண்களும் வீட்டாரின் நித்திரையும்: கேள்வி பதில்

இதயக் கிளினிக்கில் கனகாலம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி பதில் சொல்கிறார்.

கோண்டாவில், மகள்: அப்பாவுக்கு இதயம் பலவீனம் அக்கா. ரொறன்ரோ அண்ணா மெஷினுகள் அனுப்பியிருக்கிறார். நாளுக்கு நாலு தரம் பிரஷர், ஒக்சிசன் எடுத்து வட்சப்பில போடவேணும். சுணங்கினா உடன கோல். எனக்கு நித்திரை இல்லை.

தங்கச்சி, டொக்டர் வேற மாதிரிச் சொல்லாட்டி காலமை ஒரு தரம் போதும். எழும்பி, சலம் போய், சாப்பிட முன்னம் நிறை. பிறகு அஞ்சு நிமிசம் பேசாம இருந்து பிரஷர். நிறைதான் முக்கியம். ரெண்டு மூண்டு நாளுக்குள்ள 2 கிலோ கூடினா உடம்பில தண்ணி தங்குது எண்டு யோசிக்கோணும். அண்டைக்கே டொக்டருக்கு அறிவியுங்கோ.

அண்ணாவுக்கு இதையும் சொல்லுங்கோ. ஜெர்மனியில 1,500க்கு மேற்பட்ட நோயாளியளை வைச்சுச் செய்த ஆய்வு 2018இல வந்தது. நிறை, பிரஷர், ஈசிஜி எல்லாம் ஒவ்வொரு நாளும் வீட்டில இருந்து போகும். திடீரெண்டு இதயத்துக்காக ஆஸ்பத்திரியில கிடந்தோ, இறந்தோ இழந்த நாட்கள் வழமையான கவனிப்பில இருந்த ஆக்களுக்கு வருசத்துக்கு 24.2, இப்பிடி எண் அனுப்பின ஆக்களுக்கு 17.8. ஆனா எண் போய்ச் சேர்ந்த இடத்தில 24 மணித்தியாலமும் டொக்டரும் தாதியும் இருந்தவை. உங்கட எண் போய்ச் சேருறது அண்ணாவின்ர பயத்துக்கு. குளிசையை மாத்த அவரால ஏலாது.

எங்கட காலமை ஆறு மணி, அவருக்கு முதல்நாள் பின்னேரம் ஏழரை, எட்டரை. அந்த நேரம் அவரே வீடியோவில அப்பாவோட இருந்து எண்ணை எழுதட்டும். நீங்கள் தேத்தண்ணி குடியுங்கோ.

பருத்தித்துறை, மனைவி: இவர் ஒளிச்சுக் கருவாடு சாப்பிடுறார். நிறை கூடினா பிள்ளையள் என்னைப் பேசுகினம்.

நீங்கள் மனுசி, காவல்காரி இல்லை. உப்புக் கதையை அவருக்கு முன்னால டொக்டர் வாயால சொல்லுவியுங்கோ. நிறையை அவரே கொப்பியில எழுதோணும். மோர்மிளகாயும் உப்புத்தான், அதைக் கனபேர் கணக்கில எடுக்கிறேல்லை.

சாவகச்சேரி, மகன்: அம்மாவின்ர பேஸ்மேக்கருக்குக் கட்டிலடியில ஒரு பெட்டி தந்தவை. லைற் எரியுதோ எண்டு இரவிரவாப் பார்க்கிறன்.

பாராதேங்கோ தம்பி. அது தரவு அனுப்புற பெட்டி, அவசரத்துக்கு ஆரையும் கூப்பிடாது. மயக்கம், நெஞ்சுநோ, மூச்சுமுட்டு எண்டா 1990 அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கரண்ட் நிண்டாலும் பேஸ்மேக்கர் ஓடும். பற்றறி உள்ளுக்கை இருக்கு.

நல்லூர், மருமகள்: மாமாவைப் பார்த்துப் பார்த்து இப்ப எனக்கும் பிரஷர் கூட.

உங்கட பேரிலயும் ஒரு கிளினிக் கொப்பி போடுங்கோ, பிந்த வேண்டாம். பராமரிக்கிற ஆக்களின்ர பாரத்தை அளக்க 22 கேள்வியோட ஸாரிட் எண்ட படிவமே இருக்கு. உங்களுக்கெண்டு நேரம் கிடைக்குதோ எண்டதும் அதில ஒரு கேள்வி. பார்க்க வாற சொந்தக்காரர் "ஏதும் வேணுமோ" எண்டு கேட்டா, ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. ஹோர்லிக்ஸ் போத்தல் வீட்டில இருக்கிறது போதும். வெள்ளிக்கிழமை இரவு மாமாவோட நிக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ.