வெள்ளைப்படுதல், அரிப்பு: மெடிக்கலில் கேட்டு ஏதாவது வாங்கிப் போடலாமா?

டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது, மெடிக்கலிலேயே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தால் மூன்று மாதம் அவஸ்தைப்பட்டவள் நான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடையில் வேலை. பல் வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த கையோடு ஆரம்பித்தது. தயிர் திரிந்த மாதிரி திட்டுத்திட்டாக வெள்ளை. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். மாமியார் உடம்பு சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அது. மெடிக்கலில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "அரிப்புக்கு" என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவரும் கேட்கவில்லை. படர்தாமரைக்குக் கொடுக்கிற ட்யூபைக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் அடங்கியது, அப்புறம் முன்னைவிட மோசம். அதில் ஸ்டீராய்டு, அதாவது அரிப்பை அப்போதைக்கு மட்டும் அடக்குகிற மருந்து, கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் அக்காதான் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற்றி ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். பஞ்சுக்குச்சியால் சாம்பிள் எடுத்தார்கள். கேண்டிடா என்ற பூஞ்சை. க்ளோட்ரிமசோல் 100 மி.கி. மாத்திரை, ராத்திரி படுக்கும்போது பிறப்புறுப்புக்குள்ளே வைக்க, ஆறு நாள். வெளியே தடவ அதே மருந்தில் க்ரீம். ஃப்ளூகொனசோல் 150 மி.கி. ஒரே மாத்திரை விழுங்கினாலே பலருக்குச் சரியாகுமாம். ஆனால் கர்ப்பமாக இருந்தால் அது வேண்டாம், உள்ளே வைக்கிற மருந்துதான். உங்களுக்கு நாள் தள்ளியிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 190. எனக்கு வயது 34. சர்க்கரை கூடினால் இந்தப் பூஞ்சை திரும்பத் திரும்ப வருமாம். மருந்து முடிந்து ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது, சர்க்கரைக்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

"மெடிக்கல் மருந்திலேயே எனக்குச் சரியாச்சு" என்று சிலர் சொல்வீர்கள். ஆகியிருக்கும். ஆனால் மீன் வாடையோடு தண்ணீராகப் போனால் அது பெரும்பாலும் பாக்டீரியா, பூஞ்சை மருந்து கேட்காது. பார்க்காமல் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. கடையில் பதினாலு பெண்களுக்கு ஒரே கழிவறை, சாவி சூப்பர்வைசரிடம். உள்ளே மாத்திரை வைத்திருந்த நாட்களில் நாப்கின் மாற்ற அந்த ஆளிடம் போய்ச் சாவி கேட்டு நின்றேன். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது, நாங்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

சரி, நீங்கள் இந்த வாரமே போங்கள். ஏற்கெனவே ட்யூப் எதுவும் வாங்கித் தடவியிருந்தால் அதையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.