பலன் அவளுக்கென்றால் எனக்குத் தண்டனையா?

அன்புள்ள அக்கா,

நான் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 27. கல்யாணமாகி நான்கு வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகும் பால் கட்டி நெஞ்சு வலித்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதே மாதம் என் நாத்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சபையில் சாட்சி சொல்லும்போது, “இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம், கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்” என்று வாசித்தாள். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பலன் அவளுக்கென்றால் எனக்குக் கிடைத்தது தண்டனையா? மசக்கையில் பல ஞாயிறு நான் ஜெபத்துக்குப் போகவில்லை. மாமி அதைத்தான் சொல்லிக்காட்டுகிறார். என் கணவர் ஒன்றும் பேசுவதில்லை. அடுத்த மாதம் நாத்தனாரின் பிள்ளைக்குப் பிரதிஷ்டை, சபையில் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் நிகழ்ச்சி. எனக்கு அதைத் தூக்கவே கை வரவில்லை. நான் போகத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம்.

அன்புத் தங்கைக்கு,

தண்டனை இல்லை. உங்கள் மனம் ஆறட்டும் என்று மட்டும் இதைச் சொல்லவில்லை, வேதாகமமே அப்படித்தான் சொல்கிறது.

அந்த வசனம் 127ஆம் சங்கீதத்தில் மூன்றாவது. அதற்கு முந்திய இரண்டையும் வாசியுங்கள். கர்த்தர் கட்டாத வீட்டைக் கட்டுகிறவர்களின் பாடு வீண், விடியுமுன் எழுந்து உழைப்பதும் வீண், தமக்குப் பிரியமானவனுக்கு அவரே நித்திரை தருகிறார் என்கின்றன. மனிதன் பாடுபட்டுச் சம்பாதிக்க முடியாததைப் பற்றிய பாட்டு அது. கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் கொழுந்து மடுவத்துக் கணக்கை அதற்குள் கொண்டுபோகாதீர்கள். பிள்ளை பெற்றவள் அந்த வசனத்தைச் சொல்லி நன்றி செலுத்தலாம். இழந்தவள்மேல் தீர்ப்பாக அதைப் படிக்க யாருக்கும் உரிமையில்லை.

சகரியாவும் அவர் மனைவி எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று தம் சுவிசேஷத்தில் சொல்லும் லூக்கா, அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்கிறார். பிறகு பிறந்ததே என்பார்கள். சரி, பிறந்தது. ஆனால் பிள்ளை இல்லாத அத்தனை வருடமும் எலிசபெத் நீதியுள்ளவளாகத்தான் இருந்தாள். யோபு பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் பறிகொடுத்தார். ‘நீ பாவம் செய்திருப்பாய்’ என்று வாதாடிய நண்பர்கள்மீதுதான் கடைசியில் கடவுள் கோபப்பட்டார்.

எட்டாம் மாதத்தில் பிள்ளை இறப்பதற்குத் தாயின் இரத்த அழுத்தம், சர்க்கரை, நஞ்சுக்கொடிக் கோளாறு, கிருமித்தொற்று என்று காரணங்கள் உண்டு. பரிசோதித்தும் காரணம் தெரியாமல் போவதும் உண்டு. ஜெபத்துக்குப் போகாததால் எந்தப் பிள்ளையும் இறப்பதில்லை. கிளினிக் கொப்பியோடு மிட்வைஃப் மிஸ்ஸைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மறுபடி தரித்தால் அந்த விவரம் மிகவும் உதவும்.

பால் கட்டிய நெஞ்சோடு வெறுங்கையாய் வீடு திரும்பியவளுக்கு இன்னொரு பிள்ளையைத் தூக்கக் கை வராதுதான். அதைப் பொறாமை என்று நீங்களே பேர் வைத்துக்கொள்ள வேண்டாம். பிரதிஷ்டைக்கு இந்த முறை போகாதீர்கள். கணவர் போய்வரட்டும், மாமியிடமும் அவரே சொல்லட்டும். பேசாமல் இருப்பதால் அவருக்கு வலி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நெருக்கமான லயத்து வீட்டு வரிசையில் ஓர் ஆண் அழுவதற்கு ஏது இடம்? பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைத்தார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் 1926க்குப் பேசுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.