நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல்: எந்த இன்ஃபில் போடலாம்?

கேள்வி: "வீட்டுப் பின்புற நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் போட இருக்கிறோம். எந்தப் புல், எந்த இன்ஃபில் நல்லது?"

இன்ஃபில் என்பது செயற்கைப் புல்லின் இழைகளுக்கு நடுவே கொட்டும் துகள். அதில் ரப்பர் துகள் மட்டும் வேண்டாம். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், ஈரக்காலோடு ஓடிச் சிமெண்டுத் தரையில் விழுந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் அந்தப் பயத்தில்தான் தொடங்கினோம்.

நாங்கள் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். குளத்தைச் சுற்றி 400 சதுர அடிக்கு நிஜப் புல் இருந்தது. 2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றுக்கு முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறையை அரசு அறிவித்து, அரிசோனாவின் பங்கை வெட்டியது. அதற்குப் பிறகு பாலைவனத்தில் புல்லுக்குத் தண்ணீர் விட மனம் ஒப்பவில்லை; அடுத்த வசந்தத்தில் பெயர்த்துவிட்டோம். அப்படியானால் குளம் மட்டும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். குளத்தோடு வாங்கிய வீடு இது. பயன்படுத்தாத நேரமெல்லாம் மூடியே வைக்கிறோம்.

ஒப்பந்தக்காரர் பழைய டயரை அரைத்த கறுப்புத் துகளைக் கொட்டினார். குழந்தைகள் விழுந்தாலும் மெத்தென்று இருக்கும் என்றார். நம்பினேன். முதல் வாரத்திலேயே நீரில் கறுப்புப் பொட்டுகள். குழந்தைகளின் ஈரப் பாதத்தில் ஒட்டிக்கொண்டு குளத்துக்குள் போயின. பாதி மிதந்து, நீரின் மேலே மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையை அடைத்தது, மீதி அடியில் தங்கி ஃபில்டருக்குப் போனது. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஜூனில் அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வீட்டிலும் முற்றத்திலும் செருப்பில்லாமல் நடந்தே பழகியவர். இருபது வருடச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி குறைவு. பிற்பகல் மூன்று மணிக்கு, காயப்போட்ட துண்டுகளை எடுக்க அந்தப் புல்லின் மேல் போய் வந்திருக்கிறார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. இரவு கால் நீட்டி உட்கார்ந்தபோது என் மகள்தான் பார்த்தாள், இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஆறுவதற்கு ஏழு வாரம் ஆனது. மறுநாள் அதே நேரத்துக்கு அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினேன். காற்றில் 43 டிகிரி செல்சியஸ், புல்லில் 76.

செருப்புப் போடச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கீழே யாராவது எழுதுவார்கள். சொன்னேன், தினமும் சொன்னேன். எழுபது வருடப் பழக்கம் ஒரு மாதத்தில் மாறாது. குளத்தருகே எல்லோரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். தரைதான் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

ரப்பரை உறிஞ்சி எடுக்க மூன்று நாள் ஆனது. இப்போது போட்டிருப்பது அக்ரிலிக் பூச்சுப் பூசிய, வெளிர் நிற, உருண்டை மணல். சதுர அடிக்கு ஒன்றரைப் பவுண்டு. 50 பவுண்டு மூட்டை பன்னிரண்டு ஆனது. பூச்சும் பிளாஸ்டிக்தானே என்றால், ஆம், மறுக்கவில்லை. ஆனால் கனமானது, மிதக்காது, காலில் குறைவாகவே ஒட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ரப்பர் துகள் இன்ஃபில் விற்பனை அங்கே 2031 அக்டோபரில் நிற்கப்போகிறது. பூச்சில்லாத சிலிக்கா மணல் மலிவு, அதுவும் பரவாயில்லை. கூர்முனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், கொட்டும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சியோலைட் என்ற கனிமத் துகள் நாய் வளர்ப்பவர்களுக்கு. சிறுநீரின் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். இன்ஃபிலே வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழை நிமிர்ந்து நிற்பதும் விரிப்பு சுருங்காமல் கிடப்பதும் அந்தக் கனத்தால்தான்.

எந்த இன்ஃபிலும் வெயிலை வெல்லாது. குளிர்ச்சி தரும் என்று விற்பவை தண்ணீரைப் பிடித்து வைத்து ஆவியாக்கும் வகை. ஈரம் இருக்கும்வரைதான் பலன். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. எங்களைக் காப்பாற்றியது மேலே கட்டிய நிழல்துணியும், குளத்தின் விளிம்பை ஒட்டி இரண்டடிக்குப் புல் இல்லாமல் விட்ட வெளிர்க் கல்தளமும்தான். அடித்தளச் சரளையை நன்றாக இடித்து, சரிவைக் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மழையில் மணல் முழுவதும் நீருக்குள் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்கும் வீட்டில் குளத்துக்கு ஐந்தடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் விருந்துக்கு வருபவர்கள், தட்டை ஏந்திக்கொண்டு போய்வர வசதியாக, அந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். படித்தவர்கள், குழந்தை பெற்றவர்கள் செய்கிறார்கள்! எடுத்து மூடினால் முகம் சுளிக்கிறார்கள். குழந்தை மூழ்கும்போது சத்தம் வராது. இதற்காக இரண்டு குடும்பங்களை அழைப்பதையே நிறுத்திவிட்டேன், வருத்தமில்லை.

புல்லைப் பொறுத்தவரை பாலிஎத்திலீன் இழை, குட்டையான ரகம், தண்ணீர் வடியும் அடிவிரிப்பு இருந்தால் போதும். ஒரு கைக்குட்டை அளவு மாதிரியை இன்ஃபிலோடு கேட்டு வாங்கி, பிற்பகல் மூன்று மணி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, அதில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி போட்ட ஜன்னல் குளத்தைப் பார்த்து இருந்தால், அதன் மேல் பட்டுத் திரும்பும் வெயில் எங்கே விழுகிறது என்று முதலில் கவனியுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அந்த இடத்துப் புல் உருகிக் கட்டியாகிவிட்டது. வெளியே வலைத்திரை மாட்டிய பிறகுதான் நின்றது.