பதினொரு இடமும் ஒரு சாம்பாரும்

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா டூர் போய் வந்தோம். ரோம் நகருக்கு ஒரே நாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு பத்து மணிக்குத்தான் ஓட்டலுக்குத் திரும்பினோம். பதினொரு இடம் பார்த்தோம். கால் வீங்கியதுதான் மிச்சம், ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. வாட்டிகனின் சிஸ்டைன் சேப்பலில் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி. போட்டோ எடுக்கவும் விடவில்லை. பாந்தியன் என்ற பழைய கோயிலில் கூரை நடுவே பெரிய ஓட்டை, அடைக்க ஆளில்லை. கொலோசியம் பாதி இடிந்து கிடக்கிறது. குடிதண்ணீருக்குக் கூடக் காசு. ரோம், ரோம் என்று உலகமே பேசுவது வெறும் விளம்பரம்தானே? நம் பேரூர் கோயிலுக்கு ஈடாகுமா? நிகழ்ச்சி நிரலும் ஒரு படமும் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: நிகழ்ச்சி நிரலை முதலில் படித்தேன். உங்கள் வருத்தத்துக்கு விடை அதிலேயே இருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். ஏழிலிருந்து பத்து வரை பதினைந்து மணி நேரம். ஊருக்கு வெளியே இருக்கும் ஓட்டலுக்குப் பஸ்ஸில் போக வர மூன்று மணி. வாட்டிகனிலிருந்து இந்திய உணவகத்துக்குப் போய், காத்திருந்து, சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்ப இரண்டரை மணி. இரவுச் சப்பாத்திக்கு ஒன்றரை. வரிசை, பாதுகாப்புச் சோதனை, தலை எண்ணுதல் எல்லாம் சேர்த்து இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் ஐந்தரை மணி நேரம். பதினொன்றால் வகுத்தால் இடத்துக்கு அரை மணி, கழிப்பறை தேடிய நேரமும் அதற்குள்ளேயே! ரோம் சாப்பாட்டு விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொல்லும் ஊர். ஒரு துண்டு பீட்சாவை நின்றபடி தின்றுவிட்டு நடந்திருந்தால் இரண்டு மணி நேரம் கையில் இருந்திருக்கும். சைவமா என்று கவலைப்பட வேண்டாம், தக்காளியும் சீஸும்தான்.

அந்தப் பதினொன்று என்ற கணக்கும் வியாபாரக் கணக்கு. நவோனா சதுக்கம், பாந்தியன், திரேவி நீரூற்று, ஸ்பானிஷ் படிகள் என்று நான்கு எண்கள் போட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பத்து நிமிட நடை, சாயங்காலம் காலாற நடந்தால் நான்கும் வழியிலேயே வந்துவிடும். மருதமலையில் அடிவாரம், படிக்கட்டு, சன்னதி என்று மூன்று இடம் காட்டியதாகக் கணக்குச் சொல்வது போலத்தான் இது. பட்டியலின் நீளத்துக்குப் பணம் கொடுத்தீர்கள், நீளமான பட்டியல் கிடைத்தது.

இனி நீங்கள் சொன்ன குறைகள். கழுத்து வலி நியாயமானதே. ஆனால் உங்களுக்கு முன்னால் அதே இடத்தில் ஒருவருக்குக் கழுத்து வலித்திருக்கிறது. 1508 முதல் 1512 வரை நான்கு ஆண்டுகள், சாரத்தின் மேல் நின்றபடி, தலையைப் பின்னால் சாய்த்து, முகத்தில் சாயம் சொட்டச் சொட்ட வரைந்தார் மைக்கேலாஞ்சலோ. (படுத்துக்கொண்டு வரைந்தார் என்று உங்கள் கைடு சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.) கழுத்தில் கழலையே வந்துவிட்டதென்று புலம்பி ஒரு கவிதையும் எழுதி வைத்திருக்கிறார். போட்டோ தடைக்கும் கதை உண்டு. 1980இல் தொடங்கிய பெரிய சீரமைப்புக்கு ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று பணம் கொடுத்து, படமெடுக்கும் தனி உரிமையை வாங்கியது. உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, தடை மட்டும் தொடர்கிறது. போன் பைக்குள் இருந்த அந்தப் பத்து நிமிடமாவது நீங்கள் மேலே பார்த்தீர்களே, அந்த மட்டும் லாபம்.

பாந்தியன் கூரை ஓட்டைக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய குவிமாடம் அது. இரும்புக் கம்பி ஒன்றுகூட உள்ளே இல்லை. உலகத்தில் கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை அதுவே பெரியது. விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதேதான். ஒரு பெரிய பந்தை உள்ளே வைத்தால் அப்படியே பொருந்தும். கீழே கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக லேசான கல், உச்சிக்கு அருகே நுரைக்கல் என்று கலவையையே மாற்றியிருக்கிறார்கள். அடியில் ஆறு மீட்டர் தடிமன், உச்சியில் ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. அந்த ஒன்பது மீட்டர் அகலத் துளையும் கனத்தைக் குறைக்க விட்டதுதான், கட்டடத்துக்கு ஜன்னலும் அது ஒன்றே. மழை உள்ளே விழும். விழுந்த நீர் ஓடுவதற்காகத் தரையை லேசாக மேடாக்கி, நடுவில் சிறு துளைகள் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தத் துளைகளின் மேல் நின்றுகொண்டுதான் கூரையைத் திட்டியிருக்கிறீர்கள்.

கொலோசியம் இடிந்ததற்கு 1349 நிலநடுக்கம் ஒரு காரணம், கல்லைப் பெயர்த்து மாளிகை கட்டியவர்கள் இன்னொரு காரணம். நிற்கிற பகுதியில் வளைவுகளின் மேல் செதுக்கிய ரோமன் எண்கள் இன்றும் தெரியும். ஜனங்கள் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்தக் காலத்திலேயே போட்ட எண்கள். வெளியே நின்று படம் எடுத்தவர்களுக்கு உள்ளே போகாமலே கண்ணில் படக்கூடிய விஷயம் அது.

தண்ணீர்க் காசு வீண் செலவு. ரோம் தெருக்களில் 2,000க்கு மேல் இரும்புக் குழாய்த் தூண்கள் இருக்கின்றன. ‘நசோனே’ என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம். இரவும் பகலும் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், காசு கிடையாது. குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும், வாய் வைத்துக் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே புதுப் பாட்டில் வாங்கியிருக்கிறீர்கள்.

பேரூருக்கு ஈடாகுமா என்று கேட்டீர்கள். கனகசபையின் மேற்கூரையில் தொங்கும் கல்சங்கிலியில் எத்தனை கண்ணி? எண்ணி எழுதுங்கள், பிறகு ஒப்பிடுவோம்.

கடைசியாக உங்கள் படம். ‘இடிஞ்ச கல்லு’ என்று பின்னால் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்குப் பின்புறம் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் தெரிகின்றன. அது மாக்ஸென்டியஸ் பசிலிக்கா, பழைய ரோமானியப் பொது மண்டபம். அதன் அடியில் அதைவிடப் பழைய கட்டடம் ஒன்று புதைந்திருக்கிறது, கி.பி. முதல் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு. ஆமாம், மிளகு. சேரநாட்டு முசிறியிலிருந்து கப்பல் ஏறியது. யவனர் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்கிறதே, அந்தக் கறி, அதாவது மிளகு, போய் இறங்கிய ஊர் அது. அந்த ஊர்க் காசு வந்து இறங்கிய இடங்களில் ஒன்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளலூரில் மண்ணைத் தோண்டியபோது அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. இன்றைக்கு வெள்ளலூர் என்றால் கோவைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு.

தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இரவு ரயிலில் போய் மறுநாள் இரவு ரயிலில் திரும்பிவிடுங்கள். அன்றைக்கு மெரினா, மகாபலிபுரம் என்று எதையும் சேர்க்காதீர்கள்.