துடிக்கும் தசையும் விடாத தலையிடியும்: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே பயத்தோடு வந்திருக்கின்றன. உடம்பில் அங்கங்கே தசை துடிக்கிறது, கூடவே அடிக்கடி தலையிடிக்கிறது, இரண்டும் சேர்ந்து ஏதும் பெரிய வருத்தமோ என்று கேட்கிறார்கள். ஆளை நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனாலும் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெளிவாகவே சொல்லலாம்.

கோப்பாயில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எடுக்கப் போகிறேன். மூன்று மாதமாகக் கெண்டைக்கால் துடிக்கிறது. சில நேரம் தோளிலும் பெருவிரல் அடியிலும் துடிக்கும். பின்னேரமானால் தலையைச் சுற்றிப் பட்டி கட்டினது போல இடி. போனில் தேடினால் மோட்டார் நியூரோன் வருத்தம் என்று வருகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். இந்தப் பயத்தைத் தனியே வைத்துக்கொண்டிருந்தால் நித்திரை கெடும். நித்திரை கெட்டால் துடிப்பும் கூடும், தலையிடியும் கூடும்.

ஒரு நரம்பு இழை மூளை சொல்லாமலே தானாகத் தூண்டப்பட்டால், அதோடு சேர்ந்த சிறு தசைநார்க் கொத்து சுண்டுகிறது. தோலுக்குக் கீழே நீங்கள் பார்ப்பது அதைத்தான். நல்ல சுகமாக இருக்கிற ஆட்களுக்கும் இது வரும். மாதக்கணக்கில் நீடித்தாலும், பரிசோதனையில் வேறு கோளாறு இல்லையென்றால் அதைத் தீங்கற்ற தசைத்துடிப்பு என்கிறோம். தசையை இயக்கும் நரம்புகள் அழிகிற வருத்தமே மோட்டார் நியூரோன் வருத்தம். அதைக் காட்டிக்கொடுப்பது பலக்குறைவு. சேட்டுப் பொத்தான் பூட்ட முடியாமல் போகும், திறப்பைத் திருப்ப முடியாது, நடக்கும்போது பாதம் தடக்கும், பேச்சுக் குழறும், தசை மெலியும். அதுவும் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருகிற, அரிதான வருத்தம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தீங்கற்ற துடிப்பு என்று முடிவான 121 பேரை 2 முதல் 32 வருடங்கள் வரை தொடர்ந்து கவனித்து, 1993இல் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த வருத்தம் வரவில்லை. இதே துடிப்புக்குப் பயந்து வருகிறவர்களில் மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் நிறையப் பேர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அதற்காகப் பரிசோதிக்காமல் இருக்க வேண்டாம். ஒரு வைத்தியர் உங்கள் கைகால் பலத்தையும் தசைநாண் அனிச்சையையும் (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுவது போன்றது) ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கட்டும். தைரொயிட், கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்யலாம். ஊசி போட்டுத் தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி எல்லோருக்கும் தேவையில்லை, வைத்தியருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும் போதும். அதன் பிறகு நீங்களாகச் சோதிப்பதை நிறுத்துங்கள். குதிக்காலை உயர்த்தி நின்று பார்ப்பது, கெண்டைக்காலைப் போனில் படமெடுப்பது, இரண்டு கையையும் ஒப்பிட்டு அளப்பது எல்லாம் பயத்துக்குத் தீனி போடும் வேலைகள். தசையைக் களைக்க வைத்தால் துடிப்பும் கூடத்தான் செய்யும்.

நீங்கள் சொல்கிற பின்னேரத் தலையிடி இறுக்க வகைத் தலையிடி போலத் தெரிகிறது. ரியூசன் வாங்கில் மணிக்கணக்காகக் குனிந்திருக்கிற கழுத்து, இரவு இரண்டு மணிவரை படிப்பு, நித்திரை கொள்ளாமலிருக்கக் கோப்பி, இவ்வளவும் அதற்குப் போதும். தலையிடி துடிப்பை உண்டாக்கவில்லை, துடிப்பு தலையிடியை உண்டாக்கவில்லை. இரண்டையும் தூண்டுகிற காரணங்கள்தான் ஒன்று. பயம் அடங்காவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெல்லியடி. வயது 41. முந்தி மாதத்தில் ஒருமுறை ஒற்றைத் தலையிடி வரும். இப்போது ஒரு வருடமாக அநேகமாக ஒவ்வொரு நாளும். காலையில் இரண்டு பனடோல் போடாமல் சமையலைத் தொடங்க முடியாது. கண்ணும் கையும் துடிக்கிறது. மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

அம்மா, ஸ்கேனுக்கு முதல் கலண்டரை எடுங்கள். குளிசை போட்ட ஒவ்வொரு நாளிலும் ஒரு கோடு போடுங்கள். பரசிற்றமோல் (உங்கள் பனடோல்தான்), இபுப்ரோபன் போன்ற சாதாரண வலிக்குளிசைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், குளிசையே தலையிடியை வளர்க்கத் தொடங்கும். கொடீன், ரமடோல், ஒற்றைத் தலையிடிக்கென்றே தரும் எர்கோற்றமின், ரிப்ரான் வகைகள், கஃபீன் கலந்த கூட்டுக்குளிசைகள் என்றால் 10 நாளே போதும். ஒரு நாளில் எத்தனை போட்டீர்கள் என்பதைவிட மாதத்தில் எத்தனை நாள் போட்டீர்கள் என்பதே இங்கே கணக்கு.

நிறுத்தினால்தான் மாறும். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு கிழமை தலையிடி கூடும், அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். வீட்டில் சமையலை யாராவது பொறுப்பெடுக்கட்டும். அந்த நாட்களில் உங்களுக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும், வீட்டார் இதைச் சோம்பல் என்று எடுக்கக்கூடாது. பரசிற்றமோலை ஒரே நாளில் விடலாம். கொடீன், ரமடோல் எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்த வேண்டாம். இதோடு தலையிடி வராமல் தடுக்கிற மருந்தும் தேவைப்படலாம். இரவில் எடுக்கும் சிறு அளவு அமிற்றிப்ரிலின் ஒன்று, புரொப்ரனலோல் இன்னொன்று. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களுக்குப் புரொப்ரனலோல் கூடாது, ஆகவே முந்தி எப்போதாவது இழுப்பு வந்திருந்தால் சொல்லிவிடுங்கள். ரொப்பிரமேற் என்ற இன்னொரு தடுப்பு மருந்தைத் தந்தால் கைகால் விரல்கள் விறுவிறுக்கும். அது மருந்தின் பக்கவிளைவு, துடிப்பு முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. அங்கே காட்டினால், தேவை என்று கண்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தருவார்கள்.

இடது கண் கீழிமை இரண்டு கிழமையாகத் துடிக்கிறது. பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று அம்மம்மா சொல்கிறா.

அம்மம்மா சந்தோஷமாக இருக்கட்டும், நீங்கள் நேரத்துக்குப் படுங்கள். கோப்பியைக் குறைத்தால் கிழமைகளில் தானாக அடங்கும். கன்னமும் வாயோரமும் சேர்ந்து இழுத்தால் மட்டும் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அச்சுவேலியில் தோட்டம் செய்கிறேன். வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற நாட்களில் தலையிடியும், கையில் தசை துடிப்பும். மற்ற நாட்களில் இல்லை. இதுவும் தீங்கற்றதுதானே?

இல்லை ஐயா. இதைத் தீங்கற்றது என்று எடுக்கவே வேண்டாம். ஓர்கனோபொஸ்பேற், காபமேற் வகைப் பூச்சிமருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையில் அசற்றைல்கொலின் என்ற பொருளைத் தேங்க வைக்கின்றன. தலையிடி, தசைத் துடிப்பு, வியர்வை, வாயூறல், கண்மணி சுருங்குதல், வயிற்றோட்டம் எல்லாம் அதன் அடையாளம். தோலாலேயே உடம்புக்குள் போகும். அடித்து முடிந்ததும் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு முழுகுங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். கையுறையும் நீளக்கைச் சட்டையும் வேண்டும், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு சளி கட்டினதுபோல் இரைந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள், மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள். ஈரப் புகையிலையை வெறுங்கையால் முறிக்கிறவர்களுக்கும் நிக்கொற்றின் தோலால் ஏறித் தலையிடியும் சத்தியும் வரும்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒருநேரம்தான் சாப்பிடுவேன். முதல் மூன்று நாளும் தலை பிளக்கும்.

பசி ஒரு பங்கு, தண்ணீர் குறைவு ஒரு பங்கு. விரதத்தோடு தேத்தண்ணியையும் நிறுத்துகிறீர்கள் என்றால் அது பெரிய பங்கு. கஃபீனை நிறுத்தி ஒரு நாளுக்குள் தலையிடி தொடங்கி, கிழமை ஒன்றுக்கு மேலும் இழுக்கலாம். கொடியேற்றத்துக்கு முந்தின கிழமையே ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள். வெயிலில் பிரதட்டை செய்கிறவர்கள் தண்ணீராவது குடிக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இப்படி விரதம் பிடிக்க வேண்டாம்.

மானிப்பாய். அப்பாவுக்கு 63 வயது. கன காலமாகத் தசை துடிப்பு, தீங்கற்றது என்று முடிவானது. ஒரு மாதமாகப் புதிதாகத் தலையிடி. நெற்றிப்பொட்டைத் தொட்டால் நோகிறது, சாப்பிடும்போது தாடை நோகிறது. பழைய பிரச்சினைதானே என்கிறார்.

பழைய பிரச்சினை இல்லை. இதை வாசித்த கையோடு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலையிடி வந்து, பொட்டும் தாடையும் நொந்தால், பொட்டு நாடி அழற்சியா, அதாவது நெற்றிப்பொட்டில் ஓடும் இரத்தக்குழாய் அழன்று வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் கண்பார்வை போகலாம், போன பார்வை திரும்புவது கடினம். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திராமல் ஸ்ரிரொயிட் தொடங்குவார்கள். இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் வரும் கடும் தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுத் தடுமாற்றம், கர்ப்பிணிக்குப் புதிதாக வரும் தலையிடி ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான். போகும்போது அப்பாவின் கிளினிக் கொப்பியையும், இப்போது போடுகிற எல்லாக் குளிசைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.